மேலேயும் இருக்கணும், கீழேயும் இறங்கணும்: ஒரே மொழியில் முடியுமா?

கேள்வி: ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு, இரவு 10.40

சார், கல்லூரி வைவாவில் "சி எந்த வகை மொழி" என்று கேட்டால் "மிடில் லெவல் லாங்குவேஜ்" என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தார்கள். சொன்னேன், மதிப்பெண்ணும் கிடைத்தது. இப்போது பெங்களூரு வொயிட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். பைத்தானில் எழுதுகிறேன், வேகம் வேண்டிய இடத்தை மட்டும் சி-யில் எழுதி ஒட்டச் சொல்கிறார்கள். பைத்தான் மாதிரி எழுதிக்கொண்டே போய், தேவைப்பட்ட இடத்தில் பைட், பாயிண்டர் (மெமரி முகவரி) வரைக்கும் இறங்கிவிட்டு மறுபடி ஏறி வர ஒரே மொழி போதாதா? அதனால்தானே சி-யை மிடில் லெவல் என்கிறார்கள்? அப்படியானால் எல்லாவற்றையும் சி-யிலேயே எழுதிவிடலாமே, ஏன் யாரும் எழுதுவதில்லை?

ஆகஸ்ட் 4, திங்கள், காலை 6.15

தம்பி, அந்த மிடில் லெவல் பதிலை நானும் 1995இல் வைவாவில் சொல்லியிருக்கிறேன். உங்களைக் குழப்புவது அந்தச் சொல்தான். மூன்று மாடி வீட்டில் நடு மாடியில் குடியிருப்பவரிடம் மொட்டை மாடிச் சாவியும் இருக்காது, கீழே மோட்டார் ரூம் சாவியும் இருக்காது. சி-யின் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான்.

மேலே பாருங்கள்: டிக்ஷனரி கிடையாது, நீளும் லிஸ்ட் கிடையாது, ஒரு ஸ்ட்ரிங் எவ்வளவு நீளம் என்பதுகூட அதற்குத் தெரியாது, கடைசியில் இருக்கும் பூஜ்யம் வரை எண்ணிப் பார்த்தால்தான் உண்டு. கேட்டு வாங்கிய மெமரியை நீங்களேதான் திருப்பிக் கொடுக்கணும். சரி, கீழேயாவது முழுசாக இருக்கிறதா என்றால் கூட்டலில் மிஞ்சியதைக் காட்டும் கேரி ஃபிளாக்கைத் தொட வழியில்லை, நடக்கும் வேலையை நிறுத்தி ஹார்டுவேர் கூப்பிடும் இன்டரப்டுக்கு மொழியில் ஒரு சொல்லும் இல்லை. நாம் நடுவில் எழுதும் அசெம்ப்ளி (சிப்பின் சொந்தக் கட்டளை) வரிகூட, சி-யை இயந்திரக் கட்டளையாக மாற்றும் கம்பைலரைச் செய்தவர்கள் சேர்த்துக் கொடுத்த வசதி. சி தரநிலையில் அது மொழியின் பகுதியாக இல்லை, "பல கம்பைலர்களில் காணப்படும் கூடுதல் வசதிகள்" என்ற பட்டியலில் வருகிறது.

பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் சி-யை உருவாக்கினார், 1973இல் யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலையே அதில் மாற்றி எழுதினார்கள். அதுவரை அது பிடிபி-11 என்ற கணினியின் அசெம்ப்ளி. அசெம்ப்ளியிலிருந்து வந்தவர்களுக்கு சி நிஜமாகவே மேல்மட்ட மொழி. அப்புறம் பைத்தான் மாதிரி மொழிகள் வந்து மேலே மேலே மாடி கட்டிக்கொண்டு போனதால் சி நடுவில் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

இதைக் கையில் சூடுபட்டுக் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்து சில வருஷத்தில், பீன்யாவில் ஒரு சின்னப் பட்டறைக்கு எடை காட்டும் பெட்டி ஒன்று செய்தோம். எச்.டி.44780 வகை எல்.சி.டி., அதற்குத் திரையைத் துடைக்கும் கட்டளை கொடுத்தால் ஒன்றரை மில்லி செகண்டுக்கு மேல் காத்திருக்கணும். நான் பத்தாயிரம் வரை சும்மா எண்ணும் ஒரு லூப் போட்டிருந்தேன். ஆறு மாதம் நன்றாக ஓடியது. புரோகிராம் பெரிதாகி இடம் போதவில்லை என்று, கம்பைலரே கோடைச் சுருக்கித் தரும் ஆப்டிமைசேஷனைப் போட்டேன், எல்.சி.டி.யில் கறுப்புக் கட்டம் மட்டும். "இந்த லூப் எதுவும் செய்யவில்லை" என்று கம்பைலர் அதை மொத்தமாகத் தூக்கிவிட்டது. மொழியின் விதிப்படி கம்பைலர் செய்தது சரி, ஏனென்றால் நேரம் என்ற விஷயமே சி-யின் கணக்கில் இல்லை. நான் எழுதியது இயந்திரத்துக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எழுதியதோ சி-யின் மனசில் இருக்கும் கற்பனை இயந்திரத்துக்கு.

ஆகஸ்ட் 4, இரவு 11.05

காலையில் எழுதியது சி-யைத் திட்டின மாதிரி ஆகிவிட்டது. அந்த மொழிதான் முப்பது வருஷமாகச் சோறு போடுகிறது, திட்டவில்லை. நீங்கள் கேட்ட "இறங்கிவிட்டு ஏறி வருவது" முதன்முதலில் எனக்கு எங்கே கிடைத்தது என்று சொன்னால்தான் நான் சொல்ல வருவது புரியும்.

1984இல் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தில் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தது. வந்தவை பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனத்து பிபிசி மைக்ரோ. மூன்று வருஷம் கழித்து திருநெல்வேலிப் பக்கம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. கணக்கு வாத்தியார் இடுப்பில்தான் அந்த அறைச் சாவி, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போகணும். நான் ஒன்பதாம் வகுப்பு. 32 கே மெமரி, 2 மெகாஹெர்ட்ஸ் 6502, ஸ்விட்சைப் போட்டதும் பேசிக் மொழி தயாராக நிற்கும்.

ஒருநாள் வாத்தியார் மேனுவலைப் பார்த்துக்கொண்டே என்னை இதை அடிக்கச் சொன்னார்:

?31744=65

என்டர் தட்டினேன். திரையின் இடது மேல் மூலையில் ஆங்கில ஏ எழுத்து வந்து உட்கார்ந்தது. பிரிண்ட் கட்டளை கிடையாது, எதுவும் கிடையாது. 31744 என்பது திரைக்கான மெமரி தொடங்கும் முகவரி, 65 என்பது ஏ. கேள்விக்குறி என்றால் "இந்த முகவரியில் இருக்கும் பைட்". மெமரியும் திரையும் ஒரே பொருள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது, ஒரு வாரம் தூக்கம் வரவில்லை.

அதைவிடப் பெரிய அதிசயம் அந்த பேசிக்கிலேயே அசெம்ப்ளர் இருந்தது. புரோகிராம் நடுவில் சதுர அடைப்புக்குறி திறந்தால் உள்ளே 6502 அசெம்ப்ளி எழுதலாம், மூடினால் மறுபடி பேசிக். பேசிக்கில் வைத்த மாறியை அசெம்ப்ளியில் பயன்படுத்தலாம். முன்னோக்கித் தாவும் இடத்தின் முகவரி முதல் சுற்றில் தெரியாது என்பதால் மொத்தத்தையும் இரண்டு தடவை ஓட்டணும், அதற்கு வேறெதுவும் வேண்டாம், பேசிக்கின் சாதாரண ஃபார் லூப்பையே சுற்றிப் போட்டுக்கொள்வோம். அதாவது மேல்மட்ட மொழி உட்கார்ந்து கீழ்மட்டத்தை எழுதிக்கொடுக்கிறது. அந்த பேசிக்கை எழுதிய சோஃபி வில்சன்தான் அப்புறம் ஏஆர்எம் சிப்பின் கட்டளைத் தொகுப்பை வடிவமைத்தவர், அதன் முதல் மாதிரியையே பிபிசி பேசிக்கில்தான் எழுதிப் பார்த்தார்கள். உங்கள் பையில் இருக்கும் போனுக்குள் ஓடுவது அந்த வம்சம்தான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய், மதியம் 1.20

திருத்தம். ஒருவர் எழுதியிருக்கிறார்: திரை ஒரு வரி மேலே நகர்ந்துவிட்டால் 31744 இடது மேல் மூலையாக இருக்காது என்று. உண்மைதான். அந்த இயந்திரம் எழுத்தையெல்லாம் நகர்த்தாமல் திரை எங்கே தொடங்குகிறது என்ற முகவரியை மட்டும் மாற்றும். மோட் 7 என்று மறுபடி அடித்தால் பழைய இடத்துக்கு வந்துவிடும். வாத்தியார் ஏன் ஒவ்வொரு முறையும் அதை அடிக்கச் சொன்னார் என்று 38 வருஷம் கழித்து இன்றைக்குப் புரிந்தது. நன்றி.

ஆகஸ்ட் 6, புதன், இரவு 9.30

"பைத்தானும் சி-யும் சேர்ந்தே நன்றாக ஓடுகிறதே, எதற்கு ஒரே மொழி" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. எண் கணக்குக்கான நம்பை (NumPy) என்ற பைத்தான் நூலகம் அப்படித்தான் இருக்கிறது, உலகமே அதில் ஓடுகிறது.

ஓசூர் ரோட்டில் அத்திப்பள்ளி செக்போஸ்ட் தெரியும்தானே. எல்லை தாண்டுவதில் செலவு உண்டு, நேரம் உண்டு. ஒரு லாரி நிறைய சரக்கு ஏற்றிக்கொண்டு ஒரு தடவை தாண்டினால் அந்தச் செலவு தெரியாது, ஒவ்வொரு தக்காளியாக ஸ்கூட்டரில் வைத்துத் தாண்டினால் கதை கந்தல். நம்பை லாரி. பத்து லட்சம் எண்ணை ஒரே அழைப்பில் அந்தப் பக்கம் அனுப்பிவிடுகிறது. உங்கள் வேலை அப்படி மொத்தமாக அள்ளி அனுப்பக்கூடியதாக இருந்தால் இரண்டு மொழியே போதும், மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு எண்ணையும் பார்த்து, முந்தைய முடிவை வைத்து அடுத்ததை முடிவு செய்கிற வேலை என்றால்தான் ஸ்கூட்டர் நிலைமை வரும்.

அதற்குத்தான் பைத்தான் மாதிரியே எழுதி, மாறிகளுக்கு மட்டும் சி வகையைச் சொன்னால் சி-யாக மாற்றித் தரும் ஒன்று வந்தது. அதன் பெயரைத் தமிழில் எழுதினால் சைத்தான். வீட்டில் போனில் "சைத்தான் இப்போ ஒழுங்கா ஓடுது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் இருந்த அம்மா விபூதி எடுக்கப் போய்விட்டார். பெயர்தான் அப்படி, குணத்தில் தங்கம்.

ஜூலியா மொழியையும் சொல்லணும். 2012இல் வெளியே வந்தது, உருவாக்கிய நால்வரில் நம் நாட்டு விரல் ஷாவும் ஒருவர். "ஆராய்ச்சி ஒரு மொழியில், வேகத்துக்கு இன்னொரு மொழி" என்ற தொல்லையை ஒழிப்பதுதான் நோக்கம் என்று வெளிப்படையாகச் சொல்லித் தொடங்கினார்கள். ஒரு ஃபங்ஷன் எந்த இயந்திரக் கட்டளைகளாக மாறுகிறது என்று அங்கேயே கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். லிஸ்ப் என்ற பழைய மொழிக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், காமன் லிஸ்பில் அந்த வசதி மொழியின் தரநிலையிலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன், இரவு 10.10

ஃபோர்த் என்ற மொழி பற்றிக் கேட்டவருக்கு.

தொண்ணூறுகளின் கடைசியில் இங்கே ஒரு அலுவலகத்தில் சன் வொர்க்ஸ்டேஷன்கள் இருந்தன. ஸ்டாப் சாவியையும் ஏ சாவியையும் சேர்த்து அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் யூனிக்ஸ் நின்று, ஓகே என்று ஒரு சொல் வரும். அங்கே 2 3 + என்று அடித்து ஒரு புள்ளி வைத்தால் 5 என்று பதில் வரும். அந்த ஓகேக்குப் பின்னால் இருப்பது முழு ஃபோர்த் மொழி. எங்கள் சீனியர் ஒருவர் அங்கேயே உட்கார்ந்து ஒரு கார்டின் ரெஜிஸ்டரைப் படித்து, புதுச் சொல் ஒன்றை உருவாக்கி, அந்தச் சொல்லாலேயே கார்டைச் சோதித்துக்கொண்டிருப்பார். கம்பைல் இல்லை, லிங்க் இல்லை.

சார்ல்ஸ் மூர் 1970 வாக்கில் தொலைநோக்கிகளை ஓட்டுவதற்காக வளர்த்த மொழி அது. ஒரு சொல்லை மற்ற சொற்களை வைத்தும் எழுதலாம், நேரே அசெம்ப்ளியிலும் எழுதலாம், கூப்பிடுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. மேல், கீழ் என்ற சுவரே இல்லை. எனக்கு அது பிடிக்கும், ஆனால் என் டீமில் யாருக்கும் கொடுக்க மாட்டேன். எண்களை அடுக்கி வைக்கும் ஸ்டாக்கில் ஒரு எண் கூடுதலாக விட்டுவிட்டு வந்தால் அது எங்கே போய்க் கடிக்கும் என்று சொல்லவே முடியாது. ஒரு ஆள், ஒரு இயந்திரம், ஒரு மூளை என்றால் ஃபோர்த் மாதிரி வராது. ஐந்து பேர் சேர்ந்து ஐந்து வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலைக்குச் சுவர் வேணும், சுவரில் வாசலும் வேணும்.

ஆகஸ்ட் 9, சனி, மாலை 5.45

இந்த வாசல் விஷயத்தை என் இப்போதைய வேலையை வைத்துச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

துணி சுற்றும் இயந்திரம், அதில் எத்தனை மீட்டர் ஓடியது என்று எண்ணும் பெட்டி எங்கள் பொறுப்பு. 50 செ.மீ. சுற்றளவுள்ள உருளை, அதன் அச்சில் சுற்றுக்கு 600 பல்ஸ் கொடுக்கும் என்கோடர். துணி நிமிஷத்துக்கு 60 மீட்டர் ஓடினால் உருளை செகண்டுக்கு 2 சுற்று, அதாவது 1200 பல்ஸ். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ராஸ்பெரி பை பிக்கோ போர்டு, அதில் மைக்ரோபைத்தான். ஒரே வாரத்தில் மெனு, திரை, கணக்கு எல்லாம் எழுதி முடித்தேன், சி-யில் ஒரு மாதம் ஆகியிருக்கும்.

ஆனால் எண்ணிக்கை குறைந்தது. 100 மீட்டர் என்று பெட்டி சொல்லி நிறுத்தும்போது ரோலில் அதைவிட அரை மீட்டர் போலக் கூடுதலாகத் துணி இருந்தது. ஒவ்வொரு ரோலிலும் அரை மீட்டர் இனாமாகப் போகிறது என்று முதலாளி கையில் டேப்பை வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு நாள் முழுக்க என்கோடர், ஒயர், பவர் சப்ளை என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் கார்பேஜ் கலெக்டர். செகண்டுக்கு ஒரு தடவை போல அது வந்து பயன்படாத மெமரியைக் கூட்டிப் பெருக்கும்போது ஐந்து மில்லி செகண்ட் மற்ற எல்லாம் நிற்கிறது. அந்த நேரத்தில் வரும் ஆறு பல்ஸில் ஒன்றுதான் கணக்கில் சேர்கிறது. ஒரு பல்ஸ் 0.83 மி.மீ., ஐந்து போனால் 4 மி.மீ., நூறு செகண்டுக்கு 40 செ.மீ. சந்தேகமே இல்லை, அதுதான்.

இங்கே நான் கீழே இறங்கியது வேகத்துக்காக இல்லை, இதைக் கவனியுங்கள். பைத்தானின் வேகம் 1200 பல்ஸுக்குத் தாராளமாகப் போதும். எனக்கு வேண்டியது நேரம் தவறாமை. கீழ்மட்டம் என்றாலே வேகம் என்று எல்லோரும் பேசுகிறோம், மூன்று காரணம் உண்டு: வேகம், நேரம் தவறாமை, பைட் எந்த இடத்தில் எந்த வரிசையில் உட்காருகிறது என்ற கட்டுப்பாடு. உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்தால்தான் எந்த மொழி என்று பேசவே முடியும்.

பிக்கோவின் சிப்பில் பிஐஓ என்று எட்டு குட்டி இயந்திரங்கள் உண்டு, பின்களைப் பார்த்துக்கொள்வது மட்டுமே வேலை. அவற்றுக்கான அசெம்ப்ளியைப் பைத்தான் ஃபங்ஷனாகவே எழுதலாம், மேலே ஒரு @ வரி போட்டால் அந்த ஃபங்ஷன் ஓடும்போது ஒவ்வொரு வரியும் ஒரு கட்டளையைக் கக்குகிறது. சதுர அடைப்புக்குறி இல்லை, மற்றபடி அதே பிபிசி பேசிக். ராத்திரி பதினொரு மணிக்கு அது ஓடினதும் வாத்தியாரைத்தான் நினைத்தேன்.

ஒரு அழகான விஷயம்: பிஐஓவுக்குக் கூட்டத் தெரியாது. எக்ஸ் என்ற ரெஜிஸ்டரில் ஒன்றைக் குறைக்க மட்டும் தெரியும். அதனால் எக்ஸில் எல்லா பிட்டையும் 1 ஆக வைத்துத் தொடங்கி, பல்ஸ் வர வர ஒன்று குறைத்துக்கொண்டே போய், படிக்கும்போது பிட்டுகளைத் தலைகீழாக மாற்றினால் எண்ணிக்கை வந்துவிடும். கார்பேஜ் கலெக்டர் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓடட்டும், ஒரு பல்ஸும் போகாது. இப்போது ரோல் டேப்போடு ஒத்துப்போகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு, காலை 8.00

"ஹார்டு இன்டரப்ட் போட்டிருந்தாலே போதுமே" என்றவருக்கு: ஆமாம், அதுவும் வேலை செய்திருக்கும். அந்த வகை இன்டரப்ட் கார்பேஜ் கலெக்டருக்காகக் காத்திருக்காது. ஆனால் அதன் உள்ளே புது ஆப்ஜெக்ட் எதுவும் உருவாக்கக் கூடாது, ஒரு தசம எண்ணைக் கூட்டினாலே புது ஆப்ஜெக்ட் பிறந்துவிடும். பார்க்கப் பைத்தான், விதிகள் வேறு. எனக்குப் பின்னால் வரும் பையன் நல்ல எண்ணத்தில் அங்கே ஒரு வரி சேர்ப்பான், இயந்திரம் நிற்கும். பிஐஓ என்றால் பார்த்ததுமே வேறு இடம் என்று தெரிந்துவிடும். அதனால்தான் அது.

ஆகஸ்ட் 12, செவ்வாய், இரவு 9.50

நேற்று மஞ்சள் மெட்ரோ மக்களுக்குத் திறந்தார்கள் இல்லையா, இன்றைக்கு பி.டி.எம். லேஅவுட்டில் ஏறி ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாறி பீன்யா போனேன். திறந்த புதிதில் 25 நிமிஷத்துக்கு ஒரு ரயில்தான், ஆனாலும் கீழே ரோட்டு நெரிசலை மேலே இருந்து பார்த்துக்கொண்டு போவது தனி சுகம். வழியெல்லாம் இதைத்தான் யோசித்தேன்.

வாசல் தெரியணும் என்று சொன்னேன். மைக்ரோபைத்தானில் வைப்பர் என்று இன்னொரு வாசல் உண்டு. ஃபங்ஷனுக்கு மேலே அந்தப் பெயரைப் போட்டால் உள்ளே எண்கள் நேரடி 32 பிட் எண்கள், பைட் பாயிண்டர் எல்லாம் கிடைக்கும், எல்லை மீறினால் யாரும் தடுக்க மாட்டார்கள். போன மாதம், இயந்திரங்கள் பேசிக்கொள்ளும் மாட்பஸ் முறைச் செய்திக்கு, பிழையைக் கண்டுபிடிக்க உதவும் சி.ஆர்.சி. எண்ணைக் கணக்கிட அதில் எழுதினேன். செய்தியின் கடைசியில் சி.ஆர்.சி. இரண்டு பைட். நான் செய்தியை வைக்கும் மெமரியான பஃபரை ஒரே ஒரு பைட் மட்டும் கூடுதலாக ஒதுக்கியிருந்தேன்.

பெரும்பாலான செய்திகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தடவை ரோல் நம்பரில் விநோதமான எழுத்து வரும். மைக்ரோபைத்தான் மெமரியை 16 பைட் துண்டுகளாகத்தான் கொடுக்கும், நான் கேட்டது 21 என்றால் கிடைப்பது 32, கூடுதல் பைட் காலி இடத்தில் விழுந்துவிடும். கேட்டது சரியாக 16இன் மடங்காக அமைந்தால் மட்டும் பக்கத்து வீட்டுச் சுவரில் ஆணி. அந்த நீளத்தில் ஒரே ஒரு வகைச் செய்திதான் இருந்தது, அது எப்போதாவதுதான் போகும். மூன்று நாள் தேடினேன்.

ஆனால் கவனியுங்கள், அந்த மூன்று நாளும் நான் தேடியது மொத்த புரோகிராமில் இரண்டே ஃபங்ஷனில். மெமரி கெட்டுப்போகிறது என்று தெரிந்ததுமே வைப்பர் என்று எழுதிய இடம்தான் என்று தெரிந்துவிட்டது. இதையே சி-யில் எழுதியிருந்தால் எட்டாயிரம் வரியும் குற்றவாளிக் கூண்டில். "எல்லாவற்றையும் சி-யிலேயே எழுதினால் என்ன" என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான் தம்பி. சி-யில் எல்லா இடமும் வாசல், ஆகவே எங்கேயும் வாசல் இல்லை.

ரஸ்ட் என்ற மொழி இதைத்தான் ஒழுங்காகச் செய்தது. கிரேடன் ஹோர் 2006இல் தொடங்கியது, 2015 மே 15இல் 1.0 வந்தது. ஆரம்பத்தில் அதில் கார்பேஜ் கலெக்டருக்கான பாயிண்டர்கூட இருந்தது, 1.0 வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். அதில் அன்சேஃப் என்று எழுதாமல் கீழே இறங்க முடியாது. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 கெர்னலில் அதற்கு இடம் கொடுத்தார்கள் என்றால் சும்மா இல்லை. தப்பு நடந்தால் அன்சேஃப் போட்ட வரிகளை மட்டும் பார்த்தால் போதும்.

ஆகஸ்ட் 13, புதன், இரவு 11.30

நேற்றைய கடைசி வரி தப்பு. ரஸ்டில் தினமும் எழுதுகிற ஒரு அம்மா அழகாக விளக்கி எழுதியிருக்கிறார், படித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தேன்.

ஒன்று, அன்சேஃப் போட்டால் சோதனையெல்லாம் நின்றுவிடாது. கூடுதலாக ஐந்து விஷயம் செய்ய அனுமதி, அவ்வளவுதான். ஒரு மாறியை யார் எப்போது தொடலாம் என்ற கடன் வாங்கும் விதிகள் உள்ளேயும் அப்படியே இருக்கும். நான் அப்படி நினைத்திருக்கவில்லை.

இரண்டாவதுதான் முக்கியம். ரஸ்டின் வெக், அதாவது நீளும் பட்டியல், உள்ளே பாயிண்டர், கொள்ளளவு, நீளம் என்று மூன்றை வைத்திருக்கிறது. நீளத்தை மாற்றும் வரி சாதாரண எண் கணக்கு, அதற்கு அன்சேஃப் தேவையே இல்லை. அந்த மாட்யூலுக்குள் (கோடின் தனிப் பகுதி) யாராவது நீளத்தைத் தப்பாக ஒன்று கூட்டிவிட்டால், அன்சேஃப் வரிகள் எல்லாம் சரியாக இருந்தும் மெமரி கெடும். அதாவது அன்சேஃப் வரி மட்டும் பார்த்தால் போதாது, அது நம்பியிருக்கும் மாறிகளைத் தொடக்கூடிய எல்லா வரியையும் பார்க்கணும். அந்த எல்லை எங்கே முடிகிறது? மாட்யூலின் சுவரில், வெளியே இருப்பவர்கள் அந்த மாறியைத் தொட முடியாத இடத்தில்.

என் சி.ஆர்.சி. கதையையும் இப்படிப் பார்த்தால் உறைக்கிறது. வைப்பர் ஃபங்ஷனில் தப்பே இல்லை! அது கொடுத்த நீளத்துக்கு அப்புறம் இரண்டு பைட் ஒழுங்காக எழுதியது. பஃபரை ஒரு பைட் குறைவாக ஒதுக்கியது மேலே, சாதாரணப் பைத்தானில். மூன்று நாள் ஏன் ஆனது என்று இப்போதுதான் தெரிகிறது, நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன், காலை 7.00

தூக்கத்தில் ஞாபகம் வந்தது. நிக்லவுஸ் விர்த் தன் மொழிகளான மாடுலா-2இலும் ஓபெரானிலும் இதை எழுபது எண்பதுகளிலேயே மாட்யூல் அளவில் வைத்துவிட்டார். முகவரி, நேரடி மெமரி எதையும் தொடணும் என்றால் மாட்யூலின் தலையில் சிஸ்டம் என்பதை இம்போர்ட் செய்யணும். கோப்பைத் திறந்ததும் முதல் வரியில் தெரிந்துவிடும், இந்த வீட்டில் கத்தி இருக்கிறது என்று. கோ மொழியின் அன்சேஃப் பேக்கேஜும் அதே மாதிரிதான், அதை உருவாக்கிய மூவரில் ராபர்ட் கிரீஸ்மர் விர்த் இருந்த சூரிச் ஈ.டி.எச்.சில் படித்தவர்.

பர்ரோஸ் நிறுவனத்தின் பெரிய கணினிகளில் இன்னும் கடுமை. அவற்றின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதும் நியூப் மொழியில் அன்சேஃப் பகுதி இருந்தால் கம்பைல் ஆனாலும் அந்த புரோகிராம் ஓடாது, பொறுப்பில் இருப்பவர் பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் ஓடும். எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது.

ஆகஸ்ட் 16, சனி, மதியம் 3.15

நேற்று லீவு, இன்று காலை வரை உட்கார்ந்து என் புரோகிராமை மாற்றினேன். வைப்பர் ஃபங்ஷன்கள் இரண்டும் இப்போது தனிக் கோப்பில், பெயருக்கு முன்னால் அடிக்கோடு போட்டு. வெளியே இருந்து கூப்பிட ஒரே ஒரு சாதாரண ஃபங்ஷன், பஃபரை ஒதுக்குவதும் அதுவே, நீளம் சரியா என்று பார்ப்பதும் அதுவே. மைக்ரோபைத்தானில் அடிக்கோடு வெறும் மரியாதைதான், ரஸ்ட் மாதிரிப் பூட்டு இல்லை. ஆனாலும் எங்கள் நாலு பேருக்குள் அந்த மரியாதை போதும். சோதனைக்கு 1 முதல் 64 பைட் வரை எல்லா நீளத்திலும் செய்தி அனுப்பிப் பார்த்தேன், 16இன் மடங்குகளை இரண்டு தடவை.

தம்பி, நீங்கள் தனியாக எழுதியதையும் படித்தேன். உங்கள் அலுவலகத்தில் மொழியை மாற்றச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். ஒவ்வொரு எண்ணாக ஓடும் அந்த ஒரு லூப்பை மட்டும் சைத்தானில் தனிக் கோப்பாக எழுதுங்கள், எல்லைச் சோதனையை முதலில் அணைக்காதீர்கள். அளந்து பார்த்து, அப்புறமும் வேகம் போதவில்லை என்றால் மட்டும் அணைக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை எஸ்.பி. ரோடு போகிறேன், உங்களுக்கும் ஒரு பிக்கோ வாங்கி வைக்கிறேன், முதல் மாடல்தான். அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கத்துக்கு வந்துவிடுங்கள், லேப்டாப்பும் கேபிளும் எடுத்து வாருங்கள். 25ஆம் பின்னை வெளியீடாக வைத்துவிட்டு, மெம்32 என்ற பட்டியலில் 3489660948 என்ற இடத்தில் 33554432 என்று எழுதணும். போர்டில் பச்சை விளக்கு எரியும். என்டரை நீங்கள்தான் தட்டணும்.